காசிமேட்டு மீன் பெட்டிக்கு ஓர் ஐஸ் விளக்கு

ஐஸ் பெட்டிக்குள் வெப்ப உணரி ஒன்றைப் போட்டு, சூடு ஏறினால் விளக்கு எரிய வைக்கலாம். மீன் விற்கும் பெண்களுக்கு மின்னணுக் கருவி செய்ய உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். இது வேலைக்கு ஆகாது. கோளாறு சர்க்யூட்டில் இல்லை, ஐஸில் இருக்கிறது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் கடைசித் துண்டு கரையும் வரை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். காலை 7 மணிக்கும் 0, 11 மணிக்கும் 0. உள்ளே வரும் சூடெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகிறது. ஐஸ் தீர்ந்த பிறகுதான் வெப்பநிலை மேலே ஏறும். அப்போது விளக்கு எரிந்தால், ஐஸ் பார் ஏற்றிய மீன்பாடி வண்டி வந்து சேரும் வரை மீன் சூடாகிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த உள்ளுறை வெப்பம் பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனாலும் கருவி செய்கிறவர்கள் பெரும்பாலும் இதில் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் மேசையில் உட்கார்ந்து தொடங்குகிறார்கள். வட சென்னையின் காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மீன் கடைக்குப் பின்னால் 2 மணி நேரம் உட்கார்ந்து பெட்டிக்குள் போகும் கையை மட்டும் பார்த்தால் இந்தத் தவறு நேராது. அந்தக் கை குளிர்ச்சியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மீனை ஒதுக்கி அடிவரை போகிறது, துண்டுகளைத் துழாவுகிறது, கையில் கிடைப்பது கட்டியா நொய்யா என்று பார்க்கிறது. அது அளக்கிறது வெப்பநிலையை அல்ல, மிச்சம் எவ்வளவு என்பதை. கருவியும் அதைத்தான் அளக்க வேண்டும். கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த ஒரு கவனிப்பிலிருந்து வந்தவை.

எப்போது போவது, என்ன கேட்பது

துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் நடக்கும்போது போகாதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் பேச நேரமில்லை, குறுக்கே நிற்பவர்களால் வேலைதான் கெடும். சில்லறை விற்பனையில் காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பெட்டியில் பாதி மீன் இருக்கும்போது போவதே சரி. ஐஸ் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுவதும் அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது பார்க்க வேண்டும். அன்று மூடி திறந்து மூடும் வேகமே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வரத்தும் வரும் வழியும் மாறிவிடும், ஐஸ் செலவும் மாறும். அந்த நாட்களில் மட்டும் எடுத்த பதிவை வைத்துக் கருவியின் அளவுகளை முடிவு செய்தால் ஆகஸ்டில் பொருந்தாது. மழைக்காலப் பதிவும் அப்படித்தான்.

இரண்டு பேர் போனால் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. மூன்றாமவர் வந்தால் கூட்டமாகிவிடும், வாடிக்கையாளர் ஒதுங்கிப் போவார். முதல் வார்த்தையிலேயே யார் என்று சொல்லிவிட வேண்டும். 2018-ல் மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலக்கிறார்கள் என்று பரபரப்பு கிளம்பிய பிறகு, மீனருகே கம்பியும் டப்பாவுமாக வருகிறவர்களைப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கடைக்காரரும் வாங்க வந்தவரும்கூட அப்படித்தான் நினைப்பார்கள். அந்தக் கடைக்கு அன்றைய வியாபாரம் போச்சு. ஆகவே இப்படித் தொடங்கலாம்:

"அக்கா, நாங்க ஆபீசருங்க இல்ல. மீனைத் தொட மாட்டோம். பெட்டியில ஐஸ் எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாக்குறோம். வேணாம்னு எப்போ சொன்னாலும் எடுத்துட்டுப் போயிடுவோம்."

இதைத் தாளில் அச்சடித்துக் கையெழுத்து கேட்காதீர்கள். கையெழுத்து என்றதும் சந்தேகம் வரும், கை வேறு ஈரம். வாயால் சொல்லி, வாயால் சம்மதம் வாங்கி, நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரியப் படம் எடுக்கத் தேவையே இல்லை. நமக்கு வேண்டியது கையும் பெட்டியும். அவர்கள் நேரத்துக்கு ஈடு கொடுப்பது கட்டாயம். பணமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் நெருக்கடி உண்டாகிறது. பெட்டியைத் திறக்கவைத்து நாம் கரைத்த ஐஸுக்குப் பதிலாக ஐஸ் வாங்கிப் போடுவது இரு பக்கமும் மரியாதையாக இருக்கும். மீன் வாங்குவதாக இருந்தால் பேச்சு முடிந்த பிறகு வாங்குங்கள், பேரம் பேசாமல்.

கேள்வியில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. "இந்த மாதிரி ஒரு கருவி இருந்தா உங்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கும் தம்பி, வச்சிட்டுப் போ" என்ற பதில்தான் வரும். அது கருவியைப் பற்றிய பதில் அல்ல, வீடு தேடி வந்தவரிடம் காட்டும் பண்பு. அதை நோட்டில் "வரவேற்பு உண்டு" என்று எழுதினால் முழு வேலையும் வீண். வரப்போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும்.

"நேத்து ரெண்டாவது தடவை ஐஸ் எப்போ வாங்கினீங்க?"
"வாங்கணும்னு எதைப் பாத்துத் தோணுச்சு?"
"யார் போய் வாங்கினாங்க? அப்போ கடையில யார் இருந்தாங்க?"
"கடைசியா எந்த மீனை விலை குறைச்சுத் தள்ளுனீங்க? ஏன்?"

மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். அதில்தான் உண்மையான சிக்கல் வெளிவருகிறது. கடையில் ஒருவர் மட்டும் இருந்தால், ஐஸ் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தாலும் எழுந்து போக முடியாது. பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அல்லது அந்தப் பக்கம் வரும் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். ஆகவே கருவி எச்சரிக்க வேண்டியது ஐஸ் தீரும் நேரத்தில் அல்ல, சொல்லி அனுப்பினால் ஐஸ் வந்து சேருவதற்கு ஆகும் நேரத்துக்கு முன்பு. இந்த இடைவெளி கடைக்குக் கடை மாறும். ஒவ்வொருவரிடமும் கேட்டு நிமிடக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். உணரியை எந்த உயரத்தில் கட்டுவது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

விற்பவர்களோடு நிறுத்திவிடக் கூடாது. ஐஸ் உடைத்துக் கொடுப்பவர், வண்டி ஓட்டுபவர், மீன் ஆய்ந்து கொடுப்பவர் ஆகியோரிடமும் பேச வேண்டும். மீன் ஆய்பவர் நாள் முழுக்க எல்லாக் கடை மீனையும் வயிறு கிழித்துப் பார்க்கிறவர். எந்தப் பெட்டியில் அடி மீன் இளகியிருக்கும், எதில் மேல் மீன் இளகியிருக்கும் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் கிடைப்பது அரிது.

பெட்டியின் கணக்கு

உத்தேசமாகவாவது கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தெர்மாகோல் பெட்டி ஒன்று வெளி அளவில் 60 × 40 × 35 செ.மீ., சுவர்த் தடிமன் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள் பரப்புக்கும் வெளிப் பரப்புக்கும் நடுவே எடுத்தால் ஏறக்குறைய 1.05 சதுர மீட்டர். தெர்மாகோலின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.035 வாட் அளவில் இருக்கும். வெளியே 32 டிகிரி, உள்ளே 0 என்றால் சுவர் வழியாக மட்டும் சுமார் 47 வாட் சூடு நுழையும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக மூடியைத் திறக்காமல் நிழலில் வைத்தாலே மணிக்கு அரைக் கிலோ ஐஸ் போய்விடும்.

மீனைக் குளிரவைக்கும் செலவு தனி. மீனின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 3.6 கிலோஜூல். 28 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0-க்குக் கொண்டுவர 1,008 கிலோஜூல், அதாவது 3 கிலோ ஐஸ். இதோடு 6 மணி நேரச் சுவர்க் கசிவு 3 கிலோ. மூடி திறப்பு, வெயில், விரிசல் எல்லாவற்றையும் சேர்த்தால் மீனும் ஐஸும் சரிக்குச் சரி போடும் பழைய வழக்கம் எவ்வளவு சரியான கணக்கு என்று புரியும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சுவர்த் தடிமனை 5 செ.மீ. ஆக்கினால் சுவர் வழி இழப்பு பாதியாகும். ஓரம் உடைந்த மூடிக்குப் பதில் புது மூடி போட்டு, மேலே ஈரச் சாக்கு ஒன்றை விரித்தால் எந்த உணரியும் தராத லாபம் அன்றே கிடைக்கும். மூடி உடைந்த பெட்டிக்கு விளக்கு கட்டாதீர்கள். முதலில் மூடியை மாற்றிக் கொடுங்கள், பிறகும் தேவை இருக்கிறதா என்று பாருங்கள். சில கடைகளில் தேவை அங்கேயே முடிந்துவிடும். அதையும் ஆய்வின் முடிவாகவே எழுத வேண்டும்.

கை இயக்கும் பொய் விளக்கு

சாலிடரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்பு, பச்சை எல்இடி இரண்டும், ஒலி எழுப்பும் பசர் ஒன்றும். 3 மீட்டர் வயர், மறுமுனையில் சுவிட்சும் 9 வோல்ட் பேட்டரியும். எல்இடி ஒவ்வொன்றுக்கும் 470 ஓம் தடை. டப்பாவைப் பெட்டி ஓரத்தில் மாட்டிவிட்டு, சுவிட்சை எழுதுபவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் குறைகிறது என்று கண்ணால் பார்த்து அவர் சிவப்பை எரிய விடுவார். முடிந்ததும் சுவிட்சைக் காட்டி, இதுவரை கையால்தான் இயக்கினோம் என்று சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டு வருவது சரியல்ல.

அரை நாளில் செய்யக்கூடிய இந்தப் பொம்மை, மாதக்கணக்கில் போகவிருந்த வேலையை மாற்றிவிடும். மூன்று விஷயங்கள் இதில் தெரிந்துவிடுகின்றன.

பசர் கூடவே கூடாது. வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டி "கீச்" என்று கத்தினால் வாங்க வந்தவர் காதிலும் விழும். "இன்னாக்கா, மீன் கெட்டுப் போச்சா?" என்ற ஒரு கேள்வி போதும், வியாபாரம் கலைந்துவிடும். எச்சரிக்கை என்பது விற்பவருக்கு மட்டும் போக வேண்டிய ரகசியம். மேசையில் கருவி செய்யும்போது பயனர் ஒருவர்தான் கண்ணில் படுவார். கடையில் அவருக்கு எதிரே இன்னொருவர் நிற்கிறார், அந்த ஒலியும் ஒளியும் அவருக்கும் சேதி சொல்கின்றன. ஆகவே ஒலி வேண்டாம், விளக்கு மட்டும் போதும்; அதுவும் விற்பவர் உட்காரும் பக்கம் பார்த்து.

அடுத்தது, வெயில். சாதாரண 5 மி.மீ. எல்இடி காசிமேட்டு உச்சி வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. 20 மி.மீ. கறுப்புக் குழாயை 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அதன் அடியில் எல்இடியைப் பதித்தால் தெரிகிறது. உட்கார்ந்த கண் உயரத்துக்கு குழாய் சற்றே மேல் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஃபோன். செயலியில் சேதி வருவது போல நடித்துக் காட்டினால் ஃபோன் சுருக்குப் பையைவிட்டு வெளியே வராது. ஈரக் கையும் செதிலும் ஒட்டிய விரலைத் தொடுதிரை ஒழுங்காக உணராது, கையைத் துடைத்து எடுப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். புளூடூத், வைஃபை எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே அடித்துவிடலாம்.

மிச்ச ஐஸை அளக்கும் வழி

முதலில் எடை. பெட்டிக்கு அடியில் லோட் செல் என்ற எடை உணரி வைத்தால் ஐஸ் குறைவதும் மீன் விற்பதும் ஒரே மாதிரி எடை குறைவாகத்தான் தெரியும், பிரித்தறிய வழியில்லை. உருகிய தண்ணீரை அளக்கலாம் என்றால், தண்ணீரை அவ்வப்போது சாய்த்துவிடுகிறார்கள், அடித்துளை செதிலால் அடைக்கிறது. எஞ்சுவது உயரம். ஐஸ் மட்டம் இறங்க இறங்க மேல்பகுதிக் காற்று முதலில் சூடேறும், அடியில் ஐஸ் உள்ளவரை 0-தான். இரண்டு உயரத்தில் இரண்டு உணரிகள் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் ஐஸ் மேல் உணரிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று தெரிந்துவிடும். வித்தியாசத்தைப் பார்ப்பதால் இரண்டு உணரிக்கும் பொதுவான பிசகு அடிபட்டுப் போகும்.

உயரத்துக்கு உத்தேசம் இப்படி. ஐஸ் வந்து சேர 1 மணி நேரம் என்றால், அடிக்கடி திறக்கும் பெட்டியில் அதற்குள் கரைவது ஒரு கிலோ என்று தாராளமாக வைத்து, எச்சரிக்கும்போது ஒன்றரைக் கிலோ மிச்சமிருக்க வேண்டும். நொறுக்கிய ஐஸ் லிட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. மீனும் இடைவெளியும் சேர்ந்து இந்தப் பெட்டியில் 4 முதல் 6 செ.மீ. உயரத்துக்கு வரும். ஆகவே கீழ் உணரி அடியிலிருந்து 3 செ.மீ., மேல் உணரி 7 செ.மீ. உயரத்தில் தொடங்கலாம்.

வேண்டிய உதிரிகள் சென்னையின் மின்னணுக் கடைத் தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கும். நிரலை ஓட்டும் 8 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி போர்டு ஒன்று, துருப்பிடிக்காத இரும்புக் குப்பி போட்ட டிஎஸ்18பி20 வெப்ப உணரி இரண்டு, 4.7 கிலோ ஓம் தடை ஒன்று, எல்இடி இரண்டு, அவற்றுக்கு 220 ஓம் தடை இரண்டு, ஏஏ பேட்டரி 3 போடும் கூடு, தண்ணீர் தெறித்தாலும் புகாத ஐபி65 டப்பா, கேபிள் நுழையும் துளையை இறுக்கி மூடும் பிஜி7 கேபிள் கிளாண்டு இரண்டு. கூடவே 20 மி.மீ. பிவிசி குழாய் 30 செ.மீ., அதைப் பிடிக்கும் கிளிப் இரண்டு.

ஏஏ பேட்டரி 2 போதாது. டிஎஸ்18பி20-க்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும், இரண்டு பேட்டரி புதிதாக இருக்கும்போதே அந்த விளிம்பில்தான் நிற்கும். மூன்று போட்டு 4.5 வோல்ட்டை போர்டு மின்சாரம் வாங்கும் விசிசி பின்னில் நேரடியாகக் கொடுங்கள்; போர்டிலுள்ள ஏடிமெகா328பி சில்லு 5.5 வோல்ட் வரை தாங்கும். போர்டில் எப்போதும் எரியும் பவர் எல்இடியைச் சூடு வைத்துப் பிடுங்கிவிட வேண்டும். அது ஒன்றே சில மில்லி ஆம்பியர் குடித்து, மற்றதெல்லாம் தூங்கினாலும் ஒரு மாதத்தில் பேட்டரியைத் தீர்த்துவிடும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் எடுத்துவிடலாம்.

நிரல் எளிது. தூங்கும் சில்லை அதன் உள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் என்ற கடிகாரம் 8 நொடிக்கு ஒரு முறை எழுப்பும். 15 எழுப்பலுக்கு ஒரு தடவை, அதாவது 2 நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு உணரிக்கும் ஒரே சமயத்தில் அளக்கும் கட்டளை போகும். 10 பிட் துல்லியம் போதும்: 0.25 டிகிரிப் படி, 187.5 மில்லி நொடியில் முடியும். 12 பிட் வைத்தால் 750 மில்லி நொடி, அதில் கிடைக்கும் கூடுதல் துல்லியம் இங்கே எதற்கும் உதவாது. மேல் உணரி கீழ் உணரியைவிட 3 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் தொடர்ந்து 5 அளவீடுகள் காட்டினால் சிவப்பு மெதுவாக மின்னும். ஏன் 5? மூடியைத் திறந்து வைத்துப் பேரம் பேசும்போது மேல் உணரி உடனே ஏறும், மூடியதும் இறங்கிவிடும். ஒரே அளவீட்டை நம்பினால் ஒவ்வொரு விற்பனைக்கும் சிவப்பு எரியும். இரண்டே நாளில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழ் உணரி 4 டிகிரியைத் தாண்டி 3 அளவீடுகள் நின்றால் வேகமாக மின்னட்டும். மற்ற நேரத்தில் 8 நொடிக்கு ஒரு தடவை பச்சை ஒரு சிமிட்டு, கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு.

இப்படி ஓட்டினால் அளவீட்டுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்துச் சராசரி 0.02 மில்லி ஆம்பியர்தான். செலவு முழுக்கச் சிவப்பு விளக்கில். தாராளமாக 20 மில்லி ஆம்பியர் என்று வைத்து, பத்தில் ஒரு பங்கு நேரம் எரியும் மின்னல், நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 4 மில்லி ஆம்பியர் மணி. 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒரு வருஷத்தைத் தாண்டும். அதற்குள் உப்புக் காற்று பேட்டரிக் கூட்டின் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். ஸ்பிரிங்கில் மெல்லிய வாஸ்லின் தடவி வையுங்கள்.

குழாய்தான் இந்தக் கருவியின் உயிர். உணரியை அப்படியே ஐஸில் புதைத்தால் மீன் எடுக்கும் கையில் சிக்கி மேலே வந்துவிடும், அல்லது ஐஸ் குத்தும் ஊசி வயரைக் கிழித்துவிடும். பிவிசி குழாயில் 2 செ.மீ.க்கு ஒன்றாக 7 மி.மீ. துளைகள் போட்டு, 6 மி.மீ. தடிமனுள்ள உணரியின் முனை துளைக்கு வெளியே ஒரு செ.மீ. நீட்டும்படி செருகி, கேபிள் டையால் இறுக்க வேண்டும். முனை குழாய்க்குள்ளேயே நின்றால் உள்ளிருக்கும் காற்றைத்தான் அளக்கும், நிமிடக் கணக்கில் பின்தங்கும். துளைகள் வரிசையாக இருப்பதால் மேல் உணரியை வேண்டிய உயரத்துக்கு மாற்றிச் செருகலாம். குழாய் நிற்கும் இடம் பெட்டியின் மூலை. கைக்கு இடைஞ்சல் இல்லை என்பது வசதி; ஐஸ் சுவரோரம் முதலில் கரைகிறது என்பது தொல்லை. மூலையில் குழி விழுந்து, நடுவில் ஐஸ் குவிந்திருக்கும்போதே சிவப்பு எரிந்துவிடும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 3 செ.மீ. தெர்மாகோல் துண்டு ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் முந்தி எரிந்தால் மேல் உணரியை ஒரு துளை கீழே இறக்குங்கள்.

பதிவும் நோட்டும்

கடையில் விளக்காக வைப்பதற்கு முன் ஒரு வாரம் வெறும் பதிவுக் கருவியாக ஓட வேண்டும். இதற்கு மெமரி கார்டு வேண்டாம். எழுதும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தில் பழைய பேட்டரி சரிந்து போர்டு ரீசெட் ஆகும். டிஎஸ்3231 கடிகார மாட்யூலில் மின்சாரம் போனாலும் பதிவை வைத்திருக்கும் 4,096 பைட் ஈப்ராம் சில்லு ஒன்று கூடவே வருகிறது. ஓர் உணரிக்கு ஒரு பைட், கால் டிகிரிப் படியில் 64 டிகிரி இடைவெளி அடங்கும். 2 நிமிடத்துக்கு 2 பைட் என்றால் மணிக்கு 60 பைட், 68 மணி நேரம் பிடிக்கும். கடை நேரத்தில் மட்டும் பதிந்தால் ஒரு வாரம் வரும். அந்த மாட்யூலில் ஓர் எச்சரிக்கை: பட்டன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் தடை ஒன்று அதில் உண்டு. சார்ஜ் ஆகாத சிஆர்2032-ஐப் போட்டால் உப்பிப் போகும். டயோடுக்குப் பக்கத்திலுள்ள 200 ஓம் தடையைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள்.

வரைபடம் தனியாக எதுவும் பேசாது. எழுதுபவரின் நோட்டும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். மணி 9.42, மூடி திறந்தது, சங்கரா எடுத்தார், 9.47, மூடினார்; 10.15, தண்ணீர் சாய்த்தார், 10.50, அடிவரை கை விட்டார், ஐஸ் சொல்லி அனுப்பினார். இந்த 10.50 என்ற நேரம்தான் பொன்னான எண். அனுபவப்பட்ட ஒருவரின் கை "போதாது" என்று முடிவு செய்த நொடி அது. அந்த நேரத்தில் வரைபடத்தில் மேல் உணரி கீழ் உணரியைவிட எவ்வளவு கூடுதலாகக் காட்டியது என்று பார்த்துத்தான் 3 டிகிரி என்ற எல்லையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கருவி அந்தக் கையோடு ஒத்துப்போக வேண்டும், கை கருவியோடு அல்ல. இரண்டு கடைகளின் எல்லை ஒன்றாக இருக்காது. போர்டில் ஒரு சின்ன டிப் சுவிட்ச் வைத்து 2, 3, 4 டிகிரி என்று மாற்றும் வசதி கொடுத்துவிடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

85 டிகிரி என்று வந்தால் உணரி அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டீர்கள் என்று பொருள், அல்லது மின்சாரம் ஒரு கணம் அறுந்து உணரி புதிதாகத் தொடங்கியிருக்கிறது. -127 என்று வந்தால் உணரியே இணைப்பில் இல்லை. இரண்டையும் நிரலில் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் ஐஸ் நிறைந்த பெட்டிக்குச் சிவப்பு எரியும்.

போலி டிஎஸ்18பி20 நிறையப் புழங்குகிறது. அசலின் உள்ளே பதிந்த ரோம் எண் 28 என்று தொடங்கும், அதையும் சேர்த்து ஐந்து பைட்டுக்குப் பிறகு இரண்டு பைட் 00 00 என்றிருக்கும். அப்படி இல்லாதது பெரும்பாலும் போலி. சில போலிகள் துல்லியம் மாற்றும் கட்டளையையே கேட்பதில்லை, 12 பிட்டிலேயே நிற்கும். 200 மில்லி நொடியில் படித்தால் பழைய எண்தான் வரும். எதுவானாலும் வாங்கியதும் சோதித்துவிடுங்கள்: குடிநீரில் உறைந்த ஐஸை நொறுக்கி, மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீர் விட்டு, கலக்கி 5 நிமிடம் கழித்து அரை டிகிரிக்குள் 0 காட்ட வேண்டும். மார்க்கெட்டில் வாங்கிய ஐஸில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். உப்பு கலந்திருந்தால் உருகுநிலை கீழே இறங்கும். கடல்நீரே ஏறக்குறைய -1.9 டிகிரியில்தான் உறைகிறது.

அதிகம் சாவது உணரியின் வால்பக்கம். இரும்புக் குப்பிக்கும் கேபிளுக்கும் நடுவே உள்ள ரப்பர் வழியாக உப்புத் தண்ணீர் மெல்ல ஏறி, அளவு முதலில் தாவித் தாவிக் காட்டும், பிறகு -127. புது உணரியிலேயே அந்த இடத்தில் அரால்டைட் பூசி, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டுவிட வேண்டும். பிரெட்போர்டு ஜம்பர் வயர்கள் கடல் காற்றில் சில நாளில் பச்சை பிடிக்கும். எல்லா இணைப்பும் சாலிடர்தான். சாலிடரின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட்டு. டப்பாவின் கிளாண்டு கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

குழாய்த் துளைகளில் செதிலும் நெத்திலித் தலையும் அடைத்துக்கொள்ளும். ராத்திரி கழுவாவிட்டால் மறுநாள் நாற்றம் தாங்காது, பெட்டியைவிட்டே எறிந்துவிடுவார்கள். இது கருவியின் கோளாறு இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. கழற்றிக் கழுவ முடியாத கருவி அந்தக் கடைக்கு உரியதே அல்ல. கிளிப்பிலிருந்து ஒரே இழுப்பில் குழாய் வர வேண்டும், பெட்டி கழுவும் தண்ணீரிலேயே அலசி மாட்ட முடிய வேண்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், இரும்புக் குப்பியில் புள்ளி புள்ளியாகத் துளை விழும். சோப்பும் தேங்காய் நாரும் போதும்.

விளக்கு சொல்லக் கூடாதது

டப்பாவின் மேல் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "மீன் தரம்" என்றோ "ஃபிரெஷ்" என்றோ ஒட்டாதீர்கள். பச்சை எரிகிறது என்றால் பெட்டியில் ஐஸ் இருக்கிறது, அவ்வளவுதான். அயிலை, சூரை, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஒவ்வாத பொருள் உண்டாகும். பிறகு ஐஸ் போட்டாலும் அது போகாது, கொதிக்கும் குழம்பிலும் அழியாது. கடலில் சூடாகக் கிடந்துவிட்டு வந்த மீனுக்கும் இந்தப் பெட்டி பச்சைதான் காட்டும். வாங்குபவர் அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொண்டால் நாம் செய்தது தீங்கு. அதனாலும்தான் விளக்கு விற்பவர் பக்கம் மட்டும் பார்க்க வேண்டும். "ஐஸ்" என்ற இரண்டெழுத்தை அழியாத மையில் எழுதினால் போதும்.

பெட்டியே இல்லாதவர்களுக்கு இந்தக் குழாய் உதவாது. அன்னக்கூடையில் மீனை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நடந்து விற்கும் ஆயாக்களிடம் ஐஸ் ஒரு கை அளவுதான் இருக்கும், அது அலுமினியத்தின் வழியே வேகமாகக் கரையும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது, கூடவே நடக்க வேண்டும். அங்கே அளக்க வேண்டியது என்ன என்பது நடந்து முடித்த பிறகுதான் தெரியும். அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: கூடையின் அடியில் வட்டமாக வெட்டிய 2.5 செ.மீ. தெர்மாகோல், அதன் மேல் பாலிதீன் விரிப்பு, மீனுக்கு மேல் ஈரத் துணி. ஒரு நாள் அதோடும் ஒரு நாள் அது இல்லாமலும், ஒரே எடை ஐஸ் போட்டு, எந்தத் தெருவில் தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.